எண்ணெய் மின்சாரம்: அவசர வாசலா, அன்றாட வாசலா?



கரண்ட் போகிறது. கடைக்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிறது. விளக்கு எரிகிறது, தராசு வேலை செய்கிறது, பில் போடும் இயந்திரம் விழித்துக் கொள்கிறது. வாடிக்கையாளர் வெளியே போகவில்லை என்ற நிம்மதியில் நாமும் வியாபாரத்தைத் தொடர்கிறோம். அந்த வெளிச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று என்றைக்காவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறோமா?

இன்று போட்டுப் பார்ப்போம். ஒரு சாதாரணக் கடை ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலைக் குடித்து ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் தரும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஒரு யூனிட் 30 ரூபாய். இது எரிபொருளுக்கு மட்டும். இன்ஜின் ஆயில், சர்வீஸ், இயந்திரத்தின் விலை எல்லாம் தனி. மின்வாரியக் கம்பியில் வரும் மின்சாரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்துத்தான் அந்த வெளிச்சத்தை வாங்குகிறோம்.

பரவாயில்லை, அரை மணி நேரம்தானே, அவசரத்திற்குத்தானே என்பீர்கள். உண்மைதான். அவசரத்திற்கு அது நல்ல தோழன். ஆனால் அந்த அவசரமே அன்றாடமாகி விட்டால்? ஒரு கடைக்காரர் அல்ல, ஒரு மின்வாரியமே, ஒரு நாடே ஜெனரேட்டரை நம்பிக் குடும்பம் நடத்தத் தொடங்கி விட்டால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. தமிழ்நாட்டில் நடந்தது. இலங்கையில் நடந்தது. லெபனானில் நடந்தது. நடந்ததைத் தெரிந்து கொள்ளாத சமுதாயம் அதற்கான பில்லை மட்டும் மாதா மாதம் கட்டிக் கொண்டிருக்கும். ஆகவே இந்த இதழில் எண்ணெய் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோம்.

எண்ணெய் எப்படி மின்சாரம் ஆகிறது?

எண்ணெயிலிருந்து மின்சாரம் எடுக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கொதிகலனில் எண்ணெயை எரித்து நீராவி உண்டாக்கி அதனால் டர்பைனைச் சுற்றுவது. இரண்டாவது, கப்பலில் இருப்பது போன்ற பிரம்மாண்டமான டீசல் இன்ஜினை ஓட்டுவது. நம் கடை ஜெனரேட்டரின் அண்ணன் அது. மூன்றாவது, நாப்தா அல்லது டீசலை எரித்து அந்தச் சூடான வாயுவாலேயே டர்பைனைச் சுற்றுவது.

பெரிய இன்ஜின்களில் எரிவது பம்ப்பில் விற்கும் டீசல் அல்ல. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் கறுப்புக் கசடு எண்ணெய். ஃபர்னஸ் ஆயில் என்பார்கள். சாதாரண வெப்பத்தில் அது பாகு போல் கெட்டியாக நிற்கும். சூடாக்கி, இளக்கி, வடிகட்டித்தான் இன்ஜினுக்குள் விட வேண்டும். ஒரு கிலோ எண்ணெயில் 11 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. நல்ல இன்ஜினாக இருந்தாலும் அதில் நாலரை யூனிட் அளவுதான் மின்சாரமாகக் கைக்கு வரும். மிச்சம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் போய் விடும்.

பிறகு ஏன் அதை வைத்துக் கொள்ள வேண்டும்? வேகத்திற்காக. ஆறிப் போன ஒரு நிலக்கரி நிலையத்தை மறுபடி எழுப்பி முழு உற்பத்திக்குக் கொண்டு வர மணிக்கணக்கில் ஆகும். எண்ணெய் இன்ஜினோ சில நிமிடங்களில் ஓடும். மின்சாரத்தை அரிசி மூட்டை போல் குடோனில் அடுக்கி வைக்க முடியாது. நாடு முழுவதும் அந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் விநாடிக்கு 50 சுற்று என்ற கணக்குத் தவறி விடும். மாலையில் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கு போடும்போது, எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்று போகும்போது, கை கொடுக்க வேகமாக ஓடக் கூடிய ஒருவர் தேவை. எண்ணெய் நிலையத்தின் நியாயமான இடம் அதுதான்.

கல்பாக்கமே சாட்சி

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம், அடுத்து கல்பாக்கம். 1984-லும் 1986-லும் உற்பத்தி தொடங்கிய தலா 220 மெகாவாட் கொண்ட இரண்டு அணு உலைகள் அங்கே கட்டப்பட்டன. யுரேனியத்தில் ஓடும் நிலையத்திற்கு டீசல் எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் டீசல் ஜெனரேட்டர் இல்லாத அணுமின் நிலையத்தை உலகில் தேடித்தான் பார்க்க வேண்டும். காரணம் இருக்கிறது. அணு உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்காது. தண்ணீர் பம்ப்புகள் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்து விட்டால் அந்தப் பம்ப்புகளை ஓட்டுவது டீசல்தான்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸில் கடல் நீர் புகுந்தது. ஓடிக் கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2011 மார்ச் 11-ல் ஜப்பானின் புகுஷிமாவில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நில நடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது. பின்னால் வந்த அலையில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. மூன்று உலைகள் உருகின. உலகையே நடுங்க வைத்த விபத்தில், கடைசி நேரத்தில் இல்லாமல் போனது சில டீசல் இன்ஜின்கள்!

நிலக்கரி நிலையங்களும் எண்ணெய்க்குக் கடன்பட்டவையே. குளிர்ந்த கொதிகலனில் நிலக்கரித் தூள் தானாகப் பற்றிக் கொள்ளாது. எண்ணெய் தெளித்துத்தான் முதல் தீ மூட்டுவார்கள். இதற்காக ஒரு யூனிட்டுக்கு அரை மில்லி லிட்டர் எண்ணெய் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. அரை மில்லி என்பது சொட்டுக் கணக்குதான். ஆனால் 600 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 கோடியே 44 லட்சம் யூனிட். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து அதற்குரிய எண்ணெய் 7,200 லிட்டர் ஆகிறது.

ஆக, எண்ணெய் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. மருத்துவமனைக்கு வேண்டும். அணு உலைக்கு வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததே, அப்படிப்பட்ட இரவுகளுக்கு வேண்டும். நம் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளைக் கேட்டுப் பாருங்கள். தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் நின்றால் முதலீடு முழுவதும் செத்து மிதக்கும். அவர்களுக்கு ஜெனரேட்டர் உயிர் மூச்சு. எண்ணெய் மின்சாரம் ஓர் அவசர வாசல். அவசர வாசல் இல்லாத கட்டடம் ஆபத்தானது. ஆனால் தலை வாசலைப் பூட்டி விட்டு, தினமும் அவசர வாசல் வழியாகவே ஏறி இறங்குகிறவனை என்னவென்று சொல்வது?

தமிழ்நாடு போட்ட ஒப்பந்தங்கள்

1991-ல் மத்திய அரசு மின் உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்து விட்டது. நாடெங்கும் மின் பற்றாக்குறை. நிலக்கரி நிலையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். எண்ணெய் நிலையத்தையோ விரைவாகக் கட்டி விடலாம். நிலக்கரிச் சுரங்கங்கள் வடக்கே; துறைமுகங்கள் நம்மிடம். கச்சா எண்ணெயின் விலையும் அன்று குறைவு. 1998-ல் ஒரு பீப்பாயின் சராசரி விலை 13 டாலருக்குப் பக்கம்தான். இந்தக் காரணங்களைக் காட்டித் தனியார் எண்ணெய் நிலையங்களை வரவேற்றார்கள்.

சென்னை பேசின் பிரிட்ஜில் ஜி.எம்.ஆர். வாசவி நிறுவனத்தின் 200 மெகாவாட் டீசல் இன்ஜின் நிலையம் 1999-ல் முழுமை பெற்றது. 2001-ல் சாமல்பட்டியில் 106 மெகாவாட், மதுரை சமயநல்லூரில் 106 மெகாவாட். மூன்றுமே கசடு எண்ணெயை எரிப்பவை. அதே 2001-ல் நாகப்பட்டினம் பக்கம் பிள்ளைப்பெருமாள்நல்லூரில் நாப்தாவிலும் இயற்கை எரிவாயுவிலும் ஓடக் கூடிய 330 மெகாவாட் நிலையம். மின்வாரியமே பேசின் பிரிட்ஜில் நாப்தாவில் ஓடும் 120 மெகாவாட் நிலையத்தை 1996-ல் அமைத்திருந்தது.

நிலையங்கள் கட்டியதைக் குறை சொல்லவில்லை. அன்றைய பற்றாக்குறை உண்மையானது. ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருவர் மாத வாடகைக்குக் கார் எடுக்கிறார். வண்டி ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் மாத வாடகை கொடுத்தாக வேண்டும். பெட்ரோலும் அவர் பொறுப்பு. பெட்ரோல் விலை எவ்வளவு ஏறினாலும் கார் முதலாளிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குக் காரைத் திருப்பித் தரவும் முடியாது. நம் கடைத்தெருவில் எந்த வியாபாரியாவது இப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாரா? நாட்டின் மின்சார ஒப்பந்தங்கள் ஏறத்தாழ இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டன. முதலீட்டுக்கு 16 சதவிகித லாபம் உறுதி. நிலையம் 68.5 சதவிகிதம் தயாராக இருந்தாலே நிலைக் கட்டணம் முழுவதும் உறுதி. எரிபொருள் செலவு அப்படியே வாங்குகிறவர் தலையில். 1990-களின் தொடக்கத்தில் மத்திய அரசு வகுத்த விதி இது.

பதின்மூன்று டாலர் எண்ணெய் பதின்மூன்று டாலராகவே இருக்கும் என்று யார் வாக்குக் கொடுத்தார்கள்? 2008 ஜூலையில் அது 147 டாலரைத் தொட்டது. 2012-ல் ஆண்டுச் சராசரியே 111 டாலர். ஒப்பந்தம் போட்டபோது ஒரு விலை. ஓட்டியபோது எட்டு மடங்குக்கு மேல்! எண்ணெய் கிலோ 45 ரூபாய் என்றால், நாலரை யூனிட் கணக்கில் எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 10 ரூபாய். நிலைக் கட்டணம் அதற்கு மேல். வீட்டுக்கும் கடைக்கும் அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றுக் கொண்டிருந்த வாரியம், ஒவ்வொரு யூனிட்டிலும் நஷ்டத்தை வாங்கி விற்றது.

வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. பொருளின் விலை இன்னதென்று நிர்ணயிக்காமல் பேரம் முடிப்பதை நம் மார்க்கச் சட்ட நூல்கள் தடுத்து வைத்திருக்கின்றன. ‘கரர்’ என்று மதரஸா மாணவன் முதல் சில ஆண்டுகளிலேயே படிக்கும் பாடம் அது. ஒரு தரப்பின் லாபம் மட்டும் உறுதி, மறு தரப்பின் சுமை மட்டும் நிச்சயமற்றது என்றால் அங்கே வியாபாரம் இல்லை, வம்பு இருக்கிறது. மதம் எதுவானாலும் நேர்மையான வியாபாரி எவரும் இதை ஒப்புக் கொள்வார்.

மகாராஷ்டிரத்தில் என்ன நடந்தது? அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் தாபோலில் அமைத்த 740 மெகாவாட் நிலையமும் நாப்தாவில்தான் ஓடியது. 1999-ல் விற்பனை தொடங்கியது. விலை கட்டாமல் 2001-ல் அந்த மாநில மின்வாரியம் வாங்குவதையே நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரானே திவாலாகியது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் போட்ட நிலையம் மூடிக் கிடந்தது.

இருட்டும் நமக்கு, பில்லும் நமக்கு

தமிழ்நாட்டில் 2008 நவம்பர் முதல் 2015 வரை பெரிய தொழிற்கூடங்களுக்கு மின் கட்டுப்பாடு இருந்தது. 2012-ஐ மறக்க முடியுமா? பிப்ரவரி இறுதியில் வந்த அறிவிப்பின்படி சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம். அறிவிக்காத வெட்டையும் சேர்த்தால் அந்த ஆண்டின் பிற்பகுதியில் பல மாவட்டங்களில் 12 மணி நேரம், 14 மணி நேரம். அதே ஆண்டு ஏப்ரலில் மின் கட்டணம் சராசரியாக 37 சதவிகிதம் உயர்ந்தது.

செங்கல்பட்டு அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. கல்பாக்கத்திலிருந்து புறப்படும் உயரழுத்தக் கம்பிகள் நம் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் மேலேதான் போகின்றன. கம்பிக்கு மேலே காக்கை உட்கார்ந்திருந்தது. கம்பிக்குக் கீழே இருட்டு உட்கார்ந்திருந்தது! அரிசி ஆலைக்காரர், ஐஸ் வியாபாரி, தையற்கடைக்காரர், மாமல்லபுரத்தில் கல்லறுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் சிற்பி, எல்லோரும் ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடி அலைந்தார்கள். வாங்க முடிந்தவர் தாக்குப் பிடித்தார். முடியாதவர் ஷட்டரை இறக்கினார்.

இதிலே ஒரு நியாயத்தையும் மறைக்காமல் சொல்லி விட வேண்டும். அந்தக் கொடிய ஆண்டுகளில் எண்ணெய் நிலையங்களும் நின்றிருந்தால் இருட்டு இன்னும் நீண்டிருக்கும். அன்று வெளி மாநிலங்களிலிருந்து போதுமான மின்சாரத்தை இழுத்துக் கொண்டு வரக் கம்பிப் பாதை இல்லை. தென் மாநிலங்களின் மின் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான், ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாக. எண்ணெய் நிலையங்கள் நமக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தன. விலை கொடுத்து வாங்கிய அந்தப் பத்தாண்டு அவகாசத்தில் புதிய நிலையங்களையும் பாதைகளையும் உரிய நேரத்தில் முடித்தார்களா என்பதுதான் கேள்வி. முடிக்கவில்லை. இதில் மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளும் ஒன்றை ஒன்று கை காட்டின. 2017-ல் உதய் திட்டத்தில் மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசே ஏற்றுக் கொண்டது. அரசு ஏற்றுக் கொண்டது என்றால் யார் ஏற்றுக் கொண்டது? வரி கட்டும் நீங்களும் நானும்தான். எண்ணெய் மட்டுமே அந்தக் கடனுக்குக் காரணம் அல்ல. ஆனால் கண்ணை மூடிக் கொண்டு போட்ட கொள்முதல் ஒப்பந்தங்களுக்கு அதில் பங்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அக்கம் பக்கம் பாருங்கள்

நம் கரைக்கு எதிர்க் கரை இலங்கை. ஒரு காலத்தில் அந்த நாடு அருவித் தண்ணீரிலேயே ஏறத்தாழ முழு மின்சாரத்தையும் எடுத்தது. 1996-ல் மழை பொய்த்தது, நாடு இருண்டது. அவசரம் என்று சொல்லித் தனியார் எண்ணெய் நிலையங்களை வரவழைத்தார்கள். அவசரம் முடியவே இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக எண்ணெய் நிலையங்கள் வந்தன. 2022-ல் டாலர் கையிருப்பு தீர்ந்து எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியாமல் போனபோது, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. பாணுக்கும் பால் மாவுக்கும் நின்ற வரிசையோடு இருட்டும் சேர்ந்து கொண்டது. சில மாதங்களில் ஆட்சியே கவிழ்ந்தது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்தது இன்னும் வேதனை. அங்கே எண்ணெய் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் மண்ணில் இறங்கியது. சுண்ணாம்புப் பாறை நிலம். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. கிணற்றை மட்டுமே நம்பி வாழும் மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் 2 கோடி இலங்கை ரூபாய் நட்ட ஈடு வழங்க அந்த நிறுவனத்திற்கு உத்தரவானது. பணம் வந்து விடும், கிணறு?

லெபனானைப் பாருங்கள். அரசு மின்சாரம் முழுக்க எண்ணெயை நம்பியது. 2021 அக்டோபரில் இரண்டு பெரிய நிலையங்களிலும் எண்ணெய் தீர்ந்து நாட்டின் மின் கட்டமைப்பே நின்று போனது. தெருவுக்குத் தெரு தனியார் ஜெனரேட்டர் முதலாளிகள். அவர்கள் வைத்ததே விலை.

காஸாவின் ஒரே மின் நிலையமும் டீசலில்தான் ஓடியது. 2006 ஜூன் 28-ல் இஸ்ரேல் விமானங்கள் அதன் டிரான்ஸ்ஃபார்மர்களைக் குண்டு வீசித் தகர்த்தன. 2023 அக்டோபரில் எரிபொருள் வரும் பாதையை அடைத்ததும், 11-ஆம் தேதி அது நின்று போனது. மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர்கள் ஜெனரேட்டரின் கடைசிச் சொட்டுகளில் ஓடின. எண்ணெய் எவன் கையில் இருக்கிறதோ, விளக்கின் சுவிட்சும் அவன் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டுமா?

எண்ணெய் கிணறுகளையே வைத்திருக்கும் நாடுகள் என்ன செய்கின்றன? வளைகுடாவில் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்குத் தெரியும். கோடையில் ஏ.சி. ஓட்ட சவூதி அரேபியா கச்சா எண்ணெயையே எரித்து வந்திருக்கிறது. 2030-க்குள் பாதி எரிவாயு, பாதி சூரிய ஒளி, காற்று என்று மாறி விட அந்த நாடே இலக்கு வைத்திருக்கிறது. விற்றால் காசு, எரித்தால் புகை என்பது கிணற்றுச் சொந்தக்காரனுக்கே புரிந்து விட்டது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலையை நான்கு மடங்காக்கியபோது உலக மின்சாரத்தில் கால் பங்கு எண்ணெயிலிருந்து வந்தது. இன்று 3 சதவிகிதம் கூட இல்லை. பாடம் படித்தவர்கள் விலகி விட்டார்கள்.

இன்றைய நிலை

நம் நாட்டிலும் கணக்கு மாறி விட்டது. 2025 செப்டம்பரில் இந்தியாவின் மொத்த மின் நிறுவு திறன் 5 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அதில் டீசல் நிலையங்களின் பங்கு 600 மெகாவாட் அளவுக்குத்தான், ஆயிரத்தில் ஒன்று. லட்சத்தீவு, அந்தமான் போன்ற தீவுகளில்தான் டீசல் இன்னும் முக்கிய ஆதாரம். லட்சத்தீவுச் சகோதரர்களின் வீட்டு விளக்கு எரியக் கடல் தாண்டிக் கப்பலில் டீசல் போக வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத்தான் சூரிய ஒளியும் பேட்டரியும் முதலில் போய்ச் சேர வேண்டும்.

அப்படியானால் பிரச்சனை முடிந்து விட்டதா? இல்லை. எண்ணெய் போனாலும், எண்ணெய் ஒப்பந்தத்தை எழுதிய பேனா இன்னும் மேசையில்தான் இருக்கிறது. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. பகலில் சூரிய ஒளி தாராளம். மாலை 6 மணிக்குச் சூரியன் இறங்கும்போதுதான் தேவை ஏறுகிறது. நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் தாகத்திற்கு மின்சாரம் இரவும் பகலும் வேண்டும். இந்த மாலை நேர இடைவெளியை நிரப்ப இறக்குமதி நிலக்கரி, எரிவாயு, பேட்டரி என்று புதிய ஒப்பந்தங்கள் வந்து கொண்டே இருக்கும். பெயர் மாறலாம். யார் லாபம் உறுதி, யார் சுமை நிச்சயமற்றது என்ற கேள்வி மாறாது.

எண்ணெயின் இன்னொரு கணக்கையும் நம் கரை கண்டிருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டபோது கடலில் கொட்டியது இந்தக் கசடு எண்ணெய் வகைதான். காஞ்சிபுரம் மாவட்டக் கரை வரை பாதிப்பு வந்தது. இளைஞர்கள் வாளியில் அள்ளினார்கள். மீனவர்கள் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். அந்த நஷ்டம் எந்த மின்சார பில்லிலும் அச்சாவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

வியாபாரச் சகோதரர்களே! முதலில் உங்கள் ஜெனரேட்டருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மாதம் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால், விளக்குக்கும் பில் இயந்திரத்திற்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதுமா, கூரையில் சூரியத் தகடு போட்டால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டரை விற்று விடச் சொல்லவில்லை. புயல் இரவுக்கு அது இருக்கட்டும். வீடுகளுக்கு 3 கிலோவாட் வரை சூரியத் தகடு அமைக்க மத்திய அரசு 2024-ல் அறிவித்த திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் அதுபோன்ற உதவி வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் ஒன்றாகக் குரல் கொடுக்க வேண்டும்.

இளைஞர்களே! மின் கட்டணம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டண உயர்வு மனுவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்ட பிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட முடியும். தமிழ்நாடு ஆணையம் பொது விசாரணைகளை நடத்துகிறது. 2022-ல் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் நடத்தியது. அங்கே பெரிய ஆலைகளின் பிரதிநிதிகள் கோப்போடு வருகிறார்கள். நம் கடைத்தெருவிலிருந்து எத்தனை பேர் போனோம்? பில் வந்த பிறகு டீக்கடையில் திட்டுவது எளிது. உத்தரவு வருவதற்கு முன் ஒரு பக்கம் எழுதி அனுப்புவதுதான் வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து கையில் இருக்கிறது. எந்த நிலையத்திடம் எந்த விலைக்கு எத்தனை ஆண்டுக்கு வாங்குகிறார்கள், ஓடாத நிலையத்திற்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்த பத்து இளைஞர்கள் ஒரு மாவட்டத்திற்குப் போதும்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது மூன்று. ஒன்று: எரிபொருள் விலை ஏறினால் சுமையை விற்பவரும் பகிர்ந்து கொள்ளாத நீண்ட கால ஒப்பந்தம் எதையும் போடாதீர்கள். இரண்டு: ஒப்பந்தங்களைக் கையெழுத்திடுமுன் மக்கள் படிக்கும் தமிழில் வெளியிடுங்கள். மூன்று: வெட்டு வந்தே தீரும் என்றால் தலைநகருக்கு ஒரு நீதி, செங்கல்பட்டுக்கு ஒரு நீதி என்று வைக்காதீர்கள்.

எண்ணெய் இன்ஜின் அவசரத்திற்கு ஓடட்டும், மருத்துவமனைக்கு ஓடட்டும், கல்பாக்கத்தின் காவலுக்கு என்றும் தயாராக நிற்கட்டும். ஆனால் நம் அன்றாடத்தை இன்னொருவன் கப்பலிலும் இன்னொருவன் விலையிலும் கட்டிப் போடும் ஒப்பந்தம் இனி ஒன்று கூட நமக்குத் தெரியாமல் கையெழுத்தாகக் கூடாது.

விழித்திருப்போம். கணக்குக் கேட்போம்.